நேர்த்திக்கு ஆடிய காதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் முத்துமாரியம்மன் கோயில் வெளிகளில் விடிய விடிய ஆடப்படும் காத்தவராயன் கூத்தைப் பற்றி எழுதுவோர் அநேகமாக இரண்டு பாதைகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். சிலர் அதன் சிந்து நடையையும் மெட்டையும் ஒப்பனையையும் விவரித்து, அழிந்துவரும் கலை என்று பெருமூச்சு விட்டு முடிப்பார்கள். வேறு சிலர் அம்மன் வழிபாட்டின் ஒரு கூறாக அதை எடுத்துக்கொண்டு, நேர்த்திக்கடன், விரதம், உரு வருதல் என்று சமயத்தின் பக்கம் திரும்பிவிடுவார்கள். இரண்டும் செய்யவேண்டிய வேலைகளே. ஆனால் காத்தவராயன் கதை எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு நெடும்பாட்டு. பிறப்பால் தனக்கு எட்டாத பெண்ணை விரும்பிய ஒருவன் குலத்தின் சினத்துக்கு ஆளாகிக் கழுமரம்வரை போன கதையை அது சொல்கிறது. காதலும் குலப்பகையும் மோதும் கதைப்பாட்டு என்ற அளவில் அது எங்கே உயர்ந்து நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை நிறுத்துப் பார்க்க வேண்டும். அப்படி நிறுத்தால் ஒரு விசித்திரம் தெரியவரும். அதன் பலமும் பலவீனமும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. கூத்தை நேர்த்திக்கடனாக ஆடியதால்தான் இந்தக் கதையை ஊர் நடுவில் சொல்ல முடிந்தது. நேர்த்தியாக ஆடியதால்தான் கதை தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்ளவும் நேர்ந்தது.

கதையின் எலும்புக்கூடு இது. கயிலையில் கன்னியர் நீராடும் இடத்தில் காத்தவராயன் ஒரு தவறு செய்கிறான்; ஒரு கன்னியைத் தொட்டுவிடுகிறான். அதன் பயனாக இருவரும் பூமியில் பிறக்க வேண்டும், அவன் கழுவேற வேண்டும் என்று சாபம். அந்தக் கன்னி ஆரியமாலையாகப் பிறந்து உயர்குலத்தில் வளர்கிறாள். காத்தவராயன் காட்டிலே மான் வயிற்றில் பிறந்து, பிறகு வளர்ப்புத் தாயின் கைக்கு வருகிறான். வளர்ந்தவன் ஆரியமாலையைக் கண்டு மயங்குகிறான். தடைகள், வேடங்கள், தோழன் சின்னானோடு நடக்கும் பயணங்கள், சிறைகள், சாகசங்கள் எனப் பாட்டு நீண்டு, கடைசியில் கழுமரத்தடிக்கு வந்து சேர்கிறது. தமிழ்நாட்டில் வழங்கும் கதைப்பாடலில் அவனை வளர்ப்பவர்கள் ஒடுக்கப்பட்ட சமூகத்தார். களம் திருச்சிராப்பள்ளிப் பக்கம். ஆரியமாலை பிராமண வீட்டுப் பெண். நா. வானமாமலை பதிப்பித்த காத்தவராயன் கதைப்பாடலை மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. அதைப் படிப்பவர்களுக்குச் சாதிக் கோடு எங்கே ஓடுகிறது என்பதில் ஐயமே எழாது. யாழ்ப்பாணக் கூத்து அந்தக் கோட்டை வேறிடத்தில் வரைகிறது. இங்கே காத்தானை வளர்ப்பவள் முத்துமாரி. அம்மை நோயோடு பூமிக்கு இறங்கி வந்து மக்களிடம் வழிபாடு கேட்கும் அதே அம்மன்தான் இங்கே தாய். இந்த ஒரு மாற்றம் கதையின் முகத்தையே மாற்றிவிடுகிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

பாட்டை மதிப்பிடுவதற்கு முன் அது எப்படி மக்கள் காதில் விழுகிறது என்று பார்ப்பது நல்லது, ஏனெனில் இது படிப்பதற்கென்று எழுதப்பட்ட காவியம் இல்லை. சிந்துநடைக் கூத்து என்று இதற்குப் பெயர். வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் உள்ள கடும் ஆட்டக் கோலங்களும் தாளக்கட்டுகளும் இதில் இல்லை. பாத்திரம் இலேசாக அசைந்து நடந்தபடியே பாடும். ஓர் அடி பாடியதும் பிற்பாட்டுக்காரர் அதை ஏந்திக்கொள்வர். மெட்டுகள் சில, அவையே இரவு முழுவதும் திரும்பத் திரும்ப வரும். பண்டிதர்கள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. நான் அதை மறுப்பேன். மெட்டு எளியதாக இருப்பதால் சொல் தெளிவாகக் கேட்கிறது. நடை எளியதாக இருப்பதால் தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவரும் கடலில் வலை இழுப்பவரும் ஒரு பருவத்துப் பழக்கத்திலேயே கூத்து ஆசானான அண்ணாவியாரிடம் தேறிவிட முடிகிறது. சிறுவன் காத்தானுக்கு ஒருவர், வாலிபக் காத்தானுக்கு ஒருவர், கழுவேறும் காத்தானுக்கு ஒருவர் என ஒரே பாத்திரத்தைப் பலர் பங்குபோட்டு ஆடும் வழக்கமும் இதிலிருந்து வந்ததே. நள்ளிரவு தாண்டி ஒரு காத்தான் உள்ளே போக இன்னொரு காத்தான் அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவான். சற்று முன்வரை மெலிந்த பையனாக இருந்தவன் இப்போது தோள் அகன்ற ஆடவன். எவரும் அதைக் குழப்பமாக எடுத்துக்கொள்வதில்லை. நடிகன் மாற மாற, காத்தான் என்பவன் தனியாள் என்ற நிலையிலிருந்து கழன்று, ஊர் இளைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக ஏற்றுக் கழிக்கும் ஒரு விதியாக ஆகிவிடுகிறான். எழுத்துக் காவியம் எதுவும் இதை இவ்வளவு சிக்கனமாகச் செய்துவிட முடியாது. நடுவே டாப்பர் என்ற கோமாளி வந்து சபையைச் சிரிக்கவைத்துவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பும் வெறும் இடைவேளை இல்லை. விடியற்காலை அழுகைக்கு ஆட்களை விழித்திருக்கச் செய்யும் வேலை அதற்கு உண்டு.

இனித் தாய். குலப்பகைக் கதைகளில் பொதுவாக எதிர்ப்பு வாளோடு வரும். அண்ணன்மார் வருவார்கள், அரசன் வருவான், காவலர் வருவார்கள். காத்தான் கூத்திலும் அவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் சபை மூச்சடக்கிக் கேட்பது தாய்க்கும் மகனுக்கும் நடக்கும் வாதத்தை. அந்தப் பெண் உனக்கு வேண்டாம் மகனே என்று அவள் மன்றாடுகிறாள். அவன் பிடிவாதம் பிடிக்கிறான். அவள் செய்ய இயலாத காரியங்களைச் செய்துவரச் சொல்கிறாள். அவன் ஒவ்வொன்றாகச் செய்துவிட்டுத் திரும்பி வந்து அதே கேள்வியோடு நிற்கிறான். யாழ்ப்பாணத்துச் சாதியின் இயல்பை இதைவிடத் துல்லியமாகப் பிடித்த வேறு பழைய பாட்டு இல்லை என்றே சொல்வேன். இங்கே ஒரு கலப்பு மணத்தை முதலில் தடுப்பது பொலிசும் பஞ்சாயத்தும் இல்லை. அடுப்படியில் இருந்து அழும் தாய், தங்கச்சியின் கலியாணம் என்ன ஆகும் என்று கேட்கும் மாமன், செத்தவீட்டுக்கு இனி யார் வருவார்கள் என்ற பெரியம்மாவின் கவலை ஆகியவைதான் தடுக்கும். குலம் என்பது வெளியே நிற்கும் எதிரியாக வராமல் வீட்டுக்குள் இருக்கும் பாசமாக வரும்போதுதான் மீற மிகக் கடினமாகிறது. தமிழ்நாட்டுக் கதைப்பாடலில் இரண்டு சமூகங்களுக்கு இடையே நடக்கும் மோதலை யாழ்ப்பாணக் கூத்து தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே கொண்டுவந்து வைத்தது கதையை மெல்லியதாக்கியது என்று சிலர் சொல்லக்கூடும். மோதல் அதன் உண்மையான இருப்பிடத்துக்கு வந்தது என்பதே என் எண்ணம். கழுமரத்தடியில் தாய் புலம்பும் கட்டத்தில் முன்வரிசைப் பெண்கள் தேம்பி அழுவது கூத்தாடிகளின் குரல்வளத்தால் மட்டும் நேர்வதில்லை. மகனை அந்த மரத்துக்கு அனுப்பியவளும் அவளே, அவனுக்காக அழுபவளும் அவளே. இந்த இரட்டை நிலையை அறியாத தாய்மார் இந்த மண்ணில் குறைவு.

ஆனால் அந்தத் தாய் சாதாரணத் தாய் இல்லை, தெய்வம். இங்கேதான் பாட்டு தடுமாறுகிறது. தெய்வம் மறுக்கும்போது அந்த மறுப்பு பிழையாக இருக்க முடியாது. ஆகவே அது சோதனை என்று பெயர் பெறுகிறது. கழு கொலைக்கருவியாக இருக்க முடியாது; அது சாபவிமோசனத்தின் வாசலாகிறது. காத்தான் கழுவேறுகிறான், அருள் பெறுகிறான், ஆரியமாலையை அடைகிறான். மங்களம் பாடிக் கூத்து முடிகிறது. இரவு முழுவதும் எழுந்த கேள்விக்கு விடியலில் கிடைக்கும் பதில், எல்லாம் கயிலையிலேயே தீர்மானமானது என்பது. அவனைக் கழுவேற்றியவர்கள் மேல் ஒரு சொல் பழி விழுவதில்லை. அவன் உண்மையில் தாழ்ந்தவனும் இல்லை, சிவகுமாரன். அவள் உண்மையில் எட்டாதவளும் இல்லை, முன்பே அவனுக்கென்று குறிக்கப்பட்டவள். அப்படியானால் சாதி மீறலே நடக்கவில்லை. இதற்காகவா ஓர் ஊர் முழுக்க இரவு கண்விழித்தது?

இது காத்தான் கதைக்கு மட்டும் உரிய நோய் இல்லை. முத்துப்பட்டன் கதையில் பிராமண இளைஞன் ஒருவன் சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, பூணூலைக் கழற்றிவிட்டு, அவர்கள் தொழிலையே ஏற்கிறான். அதுபோன்ற துணிவு தமிழ்க் கதைப்பாட்டில் அரிது. அதற்கும் பின்னால் ஓர் ஒட்டு வந்து சேர்ந்தது. அந்தப் பெண்கள் பிராமணக் குழந்தைகளாம், தந்தையாக அறியப்பட்ட வாலப்பகடை அவர்களைக் கண்டெடுத்து வளர்த்தானாம். மதுரை வீரனும் அரசகுலத்துப் பிள்ளை என்று ஆகிவிட்டான். இப்படிப்பட்ட பிறப்புக் கதைகள் பின்னர் சேர்க்கப்பட்டவை, மீறலின் கூர்மையை மழுக்குவதற்காகவே சேர்க்கப்பட்டவை என்பது வானமாமலையின் வாதம். அது முழுவதும் சரியா என்று விவாதிக்க இடம் உண்டு. எந்த ஒட்டு எந்த நூற்றாண்டில் வந்தது என்று காட்டப் போதிய ஏடுகள் இல்லாதபோது, முதலில் தூய கலகக் கதை ஒன்று இருந்தது, பிறகு அது கெடுக்கப்பட்டது என்று கொள்வது ஆய்வாளரின் ஆசையாகவும் இருக்கலாம். டேவிட் ஷுல்மன் போன்றோர் குற்றமும் பக்தியும் ஒரே தெய்வத்தில் குடியிருப்பதை இத்தகைய கதைகளின் ஆதார இயல்பாகவே காண்கிறார்கள். எது முந்தியது என்ற வழக்கை ஒதுக்கிவிட்டாலும் விளைவு மாறுவதில்லை. இப்போது நம் கையிலுள்ள பாட்டு மீறலைக் காட்டிவிட்டு உடனே அதைத் திரும்பப் பெறுகிறது.

இந்தச் சிக்கலைத் தெளிவாகப் பார்க்கக் கொஞ்சம் தூரத்திலிருந்து ஒரு பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்கொட்லாந்து எல்லைப்புறத்து நாட்டார் பாட்டுகளைத் திரட்டிப் பதிப்பித்த வோல்டர் ஸ்கொட், 1805இல் கடைசிப் பாணனின் பாட்டு என்ற நெடுங்கவிதையை வெளியிட்டார். ஆங்கிலக் கற்பனைநவிற்சிக் காலத்தின் பெரும்புகழ் பெற்ற கதைக்கவிதைகளில் அது ஒன்று. பிராங்க்சம் கோட்டைத் தலைவியின் மகள் மார்கரெட்டும் பகைக்குலத்தோடு சேர்ந்து நின்ற கிரான்ஸ்டனும் காதலிக்கிறார்கள். தலைவியின் கணவன் அந்தப் பகையில் மடிந்தவன். ஆகவே தாய் இணங்க மறுக்கிறாள். கிரான்ஸ்டன் இன்னொருவனின் கவசத்தை அணிந்து, வேடத்தில் போரிட்டு, அவளுடைய சிறு மகனை மீட்டுக்கொடுத்த பிறகே அவள் மனம் இளகுகிறது. தடுக்கும் தாய், வேடம், சோதனை, மந்திரம், கடைசியில் மணம் என்று காத்தான் கூத்தின் உறுப்புகள் பலவும் அங்கே இருக்கின்றன. ஸ்கொட்டுக்கும் ஒரு பாதுகாப்பு தேவைப்பட்டது. எல்லாம் பழங்காலம், பாடுபவனோ தள்ளாடும் கடைசிப் பாணன் என்று காலத்தின் மேல் பாரத்தைப் போட்டார். காத்தான் கூத்து கயிலையின் மேல் போட்டது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. தலைவியின் ஸ்கொட் குலமும் பகைக்குலமான கெர் குலமும் சமதையானவை. அவற்றுக்கிடையே இருப்பது பகை. பகை மணத்தில் முடியலாம். மணமே உடன்படிக்கை ஆகலாம். சாதி அப்படி இல்லை. மேல் கீழ் என்று அடுக்கியவற்றுக்கு நடுவே உடன்படிக்கை செய்ய முடியாது. கீழே உள்ளவனை மேலே தூக்கினால்தான் மணம் அரங்கேறும், தூக்குவதற்குப் பூமியில் ஆள் இல்லாதபோது வானத்திலிருந்துதான் கை நீள வேண்டியிருக்கிறது. காத்தான் கூத்தின் முடிவு பலவீனமாக இருப்பதற்குப் புலவனின் திறமைக் குறைவு காரணம் இல்லை என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது. அந்தச் சமூகத்துக்குள் நின்றுகொண்டு இந்தக் கதையை மணத்தில் முடிக்க வேறு வழி இருக்கவில்லை.

மன்னிக்க முடியாத குறை வேறொன்று. ஆரியமாலைக்கு இந்தப் பாட்டில் வாய் இல்லை. அவளுக்குப் பாட்டுகள் இருக்கின்றன, வரவு இருக்கிறது, அழகு வருணனை தாராளமாக இருக்கிறது. ஆனால் அவளுடைய விருப்பம் என்ன என்பதைக் கதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்வதில்லை. கயிலையில் அவள் தொடப்பட்டவள், பூமியில் தேடப்படுபவள். கதைப்பாடலின் ஒரு பாடத்தில் அவள் உறங்கும்போதே காத்தான் தாலி கட்டிவிட்டுப் போகிறான். வேடமிட்டு ஏமாற்றுவது வீரமாகவும், தெரியாமல் தாலி கட்டுவது சாமர்த்தியமாகவும் பாடப்படுகின்றன. சாதியைத் தாண்டும் ஆணின் துணிவைப் போற்றும் இந்தப் பாட்டு, அந்தத் தாண்டலுக்குக் களமாகும் பெண்ணின் உடலைப் பற்றி எதுவும் யோசிக்கவில்லை. யாழ்ப்பாணக் கூத்தில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடிவந்தது இந்த மௌனத்தை இன்னும் இறுக்கியது. முத்துமாரி வேடமிட்ட ஆண் அழும்போது சபை தாயைக் காண்கிறது. ஆரியமாலை வேடமிட்ட ஆண் பாடும்போது சேலையையும் நகையையும்தான் காண்கிறது. 1941இல் இந்தக் கதை பி. யு. சின்னப்பா நடித்துத் திரைப்படமானபோது அதற்கு ஆர்யமாலா என்று அவள் பெயரையே சூட்டினார்கள். பெயர்ப்பலகையில் இடம் கிடைத்ததோடு சரி. 1958இல் சிவாஜி கணேசன் நடித்து வந்தபோது தலைப்பும் காத்தவராயனுக்கே திரும்பிவிட்டது.

இப்படிப் பகுத்துப் பேசுவதற்கே எதிர்ப்பு வரும். அதில் முதலாவது, இது வழிபாடு, இலக்கியத் தராசில் வைக்கக் கூடாது என்பது. பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் கண்டபோது ஒரு தாய் வைத்த நேர்த்திக்காக ஆடப்படுவதில் பாத்திர முரண், முடிவின் தர்க்கம் என்று கேட்பது அபத்தம் என்பார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. விரதமிருந்து காத்தானாக ஆடுபவரும், கழு ஏறும் வேளையில் எழுந்து நின்று கைகூப்பும் மூதாட்டியும் கதையைத் தீர்ப்புக்கு வைக்கவில்லை, அருளுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்கள் அனுபவத்தை எந்தத் திறனாய்வும் பொய்யாக்கிவிட முடியாது. ஆனால் வழிபாடு என்ற காரணத்தாலேயே அதன் கதை எவரையும் எதற்கும் பழக்கவில்லை என்று சொல்ல முடியுமா? இரவு முழுவதும் பாடிக் கேட்ட கதை, மற்ற நாட்களில் எது நடக்கும், எது நடக்காது என்பதைப் பற்றிய மன வரைபடத்தைத் தந்துவிடுகிறது. தேவாரத்தையே பொருள் நோக்கிப் படிக்கலாம் என்றால் காத்தான் பாட்டுக்கு மட்டும் விலக்கு எதற்கு? இன்னும் சொன்னால், இதை வழிபாடு என்று மட்டும் ஒதுக்குவதற்கும், ஆறுமுக நாவலர் வழிவந்த சைவ மேட்டிமை இதைக் கீழ்த்தரம் என்று ஒதுக்கியதற்கும் முடிவில் அதிக வித்தியாசம் இல்லை. இரண்டுமே இந்தப் பாட்டில் சிந்தனை இருக்கலாம் என்பதை ஏற்க மறுப்பவை.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. கூத்தின் பொருள் பாடத்தில் இல்லை, ஆடும் இடத்தில் இருக்கிறது. கோயிலுக்குள் விடப்படாதவர்கள் கோயிலுக்கு வெளியே நின்று, தாழ்ந்தவன் ஒருவன் தெய்வமாகும் கதையை ஆடினார்கள் என்றால், கயிலைச் சாபம் என்ற உறை எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது கலகம்தான் என்பார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1956இல்தான் எல்லாச் சமூகத்தாருக்கும் திறந்தது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. சட்டம் வந்தும் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் நிலை மாறாததால்தான் 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நுழைவுப் போராட்டம் நடந்தது. அதற்கெல்லாம் வெகு முன்பே, குலத்தால் ஒதுக்கப்பட்ட ஒருவனின் ஆசைக்கும் வலிக்கும் ஒரு முழு இரவை ஒதுக்கிக் கொடுத்தது இந்தக் கூத்து. வேறு எந்த மேடையும் அப்போது அதைச் செய்யவில்லை. இந்தப் பெருமையை நான் ஒரு துளியும் குறைக்க மாட்டேன். ஆனால் கலகம் என்று சொல்வதற்கு, அந்த இரவுக்குப் பின் ஏதோ ஒன்று முன்போல் இருக்கக் கூடாது. காத்தானுக்கு அழுதவர்கள் காலையில் தம் கிணற்றில் யாரை அள்ளவிட்டார்கள்? அழுகை அங்கேயே வடிந்துவிட்டது. கழு விமோசனமாகிவிட்டதால் மிச்சம் வைக்க ஒன்றும் இருக்கவில்லை. நேர்த்தி என்ற குடை இல்லையென்றால் அந்தக் கதை ஊர் வெளிக்கு வந்திருக்காது. அந்தக் குடையே அது எவர் மேலும் சிந்தாமலும் பார்த்துக்கொண்டது.

இந்த வாதத்துக்கு மேசையில் இருந்து எழுதும் விமர்சகர்களைவிட நல்ல சாட்சி கூத்துக்காரர்களே. மாவிட்டபுரம் போராட்டத்தின் சூட்டில் என். கே. ரகுநாதன் எழுதிய கந்தன் கருணை நாடகத்தை அம்பலத்தாடிகள் குழுவினர் மேடையேற்றியபோது அவர்கள் தேர்ந்தது காத்தான் கூத்தின் பாணியை. அதே சிந்து நடை, அதே மெட்டுகள். முருகன் பூமிக்கு வந்து தன் கோயில் வாசலில் நடப்பதைப் பார்க்கிறான். வடமராட்சி மக்களின் காதில் ஊறியிருந்த மெட்டு, அவர்கள் எதிர்பாராத சொற்களைச் சுமந்து வந்தது. தெய்வம் அங்கும் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தெய்வத்தை வெளியேற்றி அவர்கள் கதையைக் காப்பாற்றவில்லை. தெய்வம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை மாற்றினார்கள். கூத்து வடிவம் பழமையானது, அதனால் அது பழமையை மட்டுமே சொல்லும் என்ற வாதம் அதோடு விழுந்தது. அளவெட்டியில் பிறந்த மஹாகவி உருத்திரமூர்த்தி வேறு வழியில் போனார். 1968இல் நூலாக வந்த கண்மணியாள் காதையில் யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் சாதியைத் தாண்டும் காதலை வில்லுப்பாட்டு வடிவில் பாடினார். அங்கே முற்பிறப்பும் சாபமும் இல்லை. மண்ணின் மனிதர், மண்ணின் பேச்சு, மண்ணின் கொடுமை. எழுத்துக் கவிதை என்ற அளவில் ஈழத்தில் இந்தப் பொருளில் அதற்கு ஈடு சொல்ல எனக்கு வேறொன்று தோன்றவில்லை. லடீஸ் வீரமணி அதை மேடைக்குக் கொண்டுபோய்ப் பாடினார். இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காத்தான் கூத்தைக் கேட்க வந்த ஊர்முழுச் சபை கண்மணியாளுக்கு வாய்க்கவில்லை. கயிலையைக் கழற்றியபோது கோயில் வெளியும் கழன்றுபோயிற்று. உண்மையைச் சொன்ன பாட்டுக்குச் சபை சுருங்கியது; சபையைக் கொண்ட பாட்டு உண்மையைச் சுருக்கியது. இரண்டுக்கும் நடுவில் கந்தன் கருணை சில காலம் நின்றது, அவ்வளவுதான்.

இன்று கூத்துக்கு நேர்ந்துவருவதைப் பார்க்கும்போது மூன்றாவது பேச்சு ஒன்று எழுகிறது: காலத்துக்கேற்பச் சுருக்கித் திருத்தி ஆடினால் என்ன? பாடசாலைப் போட்டிகளுக்காகவும் விழா மேடைகளுக்காகவும், புலம்பெயர் நாடுகளில் மண்டப வாடகைக்காகவும் விடிய விடிய ஆடியது மணிக்கணக்காகவும் நிமிடக் கணக்காகவும் குறுகிவிட்டது. சுருக்கும்போது எது போகிறது என்று பாருங்கள். தாய்க்கும் மகனுக்கும் நடக்கும் நீண்ட வாதம்தான் முதலில் வெட்டுப்படுகிறது. திரும்பத் திரும்ப ஒரே விடயம்தானே என்று. கழுவேற்றக் காட்சியும் மங்களமும் மட்டும் பத்திரமாக இருக்கும். அதாவது கூத்தின் மிக உண்மையான பகுதியை எறிந்துவிட்டு, மிகப் பலவீனமான பகுதியைக் கண்ணாடிப் பேழையில் வைக்கிறோம். ஒரே கோரிக்கை பத்துத் தடவை மறுக்கப்பட்டு, பதினோராவது தடவையும் அதே மெட்டில் எழும்போது அந்தச் சலிப்பே பொருள் ஆகிறது என்பதை நிமிடக் கணக்கு அறியாது. முற்போக்கு நோக்கோடு திருத்துபவர்களும் பெரிதாகத் தேறுவதில்லை. கயிலைக் காட்சியை நீக்கிவிட்டுக் கடைசியில் சாதி ஒழிக என்று ஒரு பாட்டைச் சேர்ப்பதால் முத்துமாரியின் மறுப்புக்குப் பொருள் வந்துவிடாது. அவள் ஏன் மறுத்தாள் என்பதைச் சபை தாங்கும்படி பாடவைப்பதுதான் கடினமான வேலை. ஆரியமாலைக்கு ஒரு மறுமொழி கொடுப்பது அதைவிடக் கடினம்.

பழைய கூத்தைத் திருத்தாமல் அதன் குறைகளோடேயே ஆடவேண்டும் என்பது என் நிலை. அதன் பலம் எங்கே இருக்கிறதோ அந்த இடங்களைத் தொடக் கூடாது. அது சொல்லாமல் விட்டதைச் சொல்லப் புதிய கூத்து எழுதவேண்டும். அதே மெட்டில், அதே நடையில், ஆரியமாலை வரவிலிருந்து தொடங்கும் ஒரு கூத்தை இன்றைய பெண் கலைஞர்கள் எழுதி ஆடினால் நேர்த்திக் கூத்துக்கு எந்தத் தெய்வக் குற்றமும் வந்துவிடாது. ஆனால் அதற்கும் முன்பு ஒரு வேலை காத்திருக்கிறது. ஊருக்கு ஊர் அண்ணாவியார்களின் வீடுகளில் கிடக்கும் கொப்பிகளில் கதை ஒரே மாதிரி இல்லை. எந்தக் கொப்பியில் முத்துமாரி எத்தனை தடவை மறுக்கிறாள், எதில் ஆரியமாலை வாய் திறக்கிறாள், எதில் கழு எப்படிப் பேசப்படுகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்காமல் இந்தக் கட்டுரை உட்பட எவர் சொல்லும் தீர்ப்பும் அரைத் தீர்ப்பே. காரை செ. சுந்தரம்பிள்ளை போன்றவர்கள் தொடங்கிவைத்த ஆய்வை அந்தக் கொப்பிகளின் பக்கம் கொண்டுபோகப் பல்கலைக்கழக மாணவர்களால் முடியும். போரும் இடப்பெயர்வும் கறையானும் விட்டுவைத்த கொப்பிகள் எவர் வீட்டிலாவது இருந்தால், அவற்றைப் படம் பிடித்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ நூலகம் இணைய ஆவணகத்துக்கோ கொடுத்து உதவுங்கள்.